உரோம வரலாறும் நகைச்சுவைப் படங்களும் – சுவரணி நோக்கில் ஓர் ஆய்வு

முன்னுரை

வீட்டுச் சுவரில் ஒருவர் எதனைத் தொங்கவிடுகிறாரோ, அதனைக் கொண்டே அவர் உள்ளத்தில் எதற்கு உயர்ந்த இடம் அளித்துள்ளார் என்பதை ஓரளவு அறியலாம். முன்னோர் உருவம், இயற்கைக் காட்சி, அழகிய எழுத்து வடிவம், நாட்டுத் தலைவர் படம் என அவரவர் விருப்பத்திற்கேற்பச் சுவர் அணி பெறுகிறது. இங்கிலாந்து முதலிய நாடுகளில் நெடுங்காலமாக நிலவிவரும் சுவரணி வகை ஒன்று உண்டு. பழைய நூல்களில் இடம்பெற்ற நகைச்சுவைப் படங்களைச் சட்டமிட்டுப் படிப்பறையிலும் கூடத்திலும் மாட்டிவைப்பதே அது. அவ்வகைப் படங்களுள் பண்டைய உரோம வரலாற்றை நகையாடும் படங்கள் தனிச்சிறப்புடையன.

இப்படங்களைப் பலர் அழகிற்காக மட்டுமே வாங்குகின்றனர். படத்தில் இருப்பவர் யார், அவர் ஏன் நகைப்புக்கு உள்ளானார், நகைத்தவர் யார் என்பவை அறியப்படாமலே படம் சுவரில் தொங்குகின்றது. ஏட்டில் இருந்தபோது பேசிய படம், சுவருக்கு வந்ததும் ஊமையாகிவிடுகிறது. இது படத்திற்கு நேர்ந்த இழப்பா, பார்ப்பவருக்கு நேர்ந்த இழப்பா? இவ்வினாவை மனத்திற்கொண்டு, 'உரோமின் நகைச்சுவை வரலாறு' என்னும் ஆங்கில நூலின் படங்களை முதன்மைச் சான்றாக எடுத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூலும் ஆசிரியரும்

இந்நூலின் ஆசிரியர் கில்பர்ட் அபட் அ பெக்கெட் (1811–1856). இவர் சட்டம் பயின்றவர். இலண்டனில் குற்றவியல் நடுவராகவும் பணியாற்றியவர். 1841-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற 'பஞ்ச்' என்னும் புகழ்பெற்ற நகைச்சுவை இதழின் தொடக்ககால எழுத்தாளர்களுள் ஒருவர். வறண்ட சட்ட நூலையும் சிரிக்கச் சிரிக்க எழுத முடியும் என்று 'நகைச்சுவைப் பிளாக்ஸ்டன்' என்னும் நூலால் காட்டினார். பின்னர் இங்கிலாந்து வரலாற்றை அம்முறையில் எழுதினார். அதனைத் தொடர்ந்து 1851, 1852-ஆம் ஆண்டுகளில் பகுதி பகுதியாக வெளிவந்து நூலுருவம் பெற்றதே உரோமின் நகைச்சுவை வரலாறு. பிராட்பரி – எவன்சு நிறுவனத்தார் இதனை வெளியிட்டனர். நகரம் தோன்றிய கதை முதல் குடியரசு முடிவெய்தியது வரையிலான செய்திகளை இந்நூல் கூறுகிறது.

தம் நோக்கத்தை ஆசிரியர் முன்னுரையில் தெளிவாக்குகிறார். நகைச்சுவை என்னும் அடைமொழி வரலாற்றுக்குப் பொருந்தாது எனச் சிலர் கருதக்கூடும் என்பதை ஒப்புக்கொள்ளும் அவர், அறிவு பெற விரும்பியும் அதனை இன்பத்தோடு பெற நாடுவோர்க்குக் கற்பிக்க வேண்டும் என்னும் உண்மையான வேட்கையே தம்மை எழுதத் தூண்டியது என்கிறார். எனவே, வரலாற்றைச் சிதைப்பதன்று அவர் கருத்து. கசப்பு மருந்தைத் தேனில் குழைத்துத் தருவதே எனலாம்.

இந்நூல் எழுந்த சூழலும் எண்ணத்தக்கது. அக்கால ஆங்கிலப் பள்ளிகளில் இலத்தீனும் உரோம வரலாறும் மாணவர்தம் தலையாய பாடங்கள். ரோமுலசையும் ஹொரேசியசையும் ஹானிபலையும் மாணவர் மனப்பாடமாக அறிந்திருந்தனர். மெக்காலே 1842-இல் வெளியிட்ட பண்டைய உரோமைப் பற்றிய கதைப்பாடல்கள் அவ்வீரர்களை வானளாவ உயர்த்தின. மற்றொருபுறம், செருமானிய வரலாற்றறிஞர் நீபூர் 1811-ஆம் ஆண்டிலிருந்து வெளியிட்ட ஆய்வு, உரோமின் தொடக்ககாலச் செய்திகளுட் பல வரலாறு அல்ல, வழிவழி வந்த கதைகளே என்னும் கருத்தைப் பரப்பியது. ஒருபுறம் வழிபாடு, மறுபுறம் ஐயம். இவ்விரண்டிற்கும் இடையில் தோன்றிய சிரிப்பே இந்நூல் என்று நாம் கருதுகிறோம்.

ஓவியர் ஜான் லீச்சு

நூலுக்கு உயிரளித்தவர் ஓவியர் ஜான் லீச்சு (1817–1864). மருத்துவம் பயிலத் தொடங்கிப் பின்னர் அதனை விடுத்து ஓவியத் துறைக்கு வந்தவர். சார்லசு டிக்கன்சு 1843-இல் வெளியிட்ட 'கிறித்துமசு கரோல்' கதைக்குப் படம் வரைந்தவரும் இவரே. 'பஞ்ச்' இதழில் மட்டும் இவர் வரைந்தவை ஏறத்தாழ 3,000 என்பர். உரோமின் நகைச்சுவை வரலாற்றுக்கு இவர் அளித்தவை, கையால் வண்ணம் தீட்டப்பெற்ற 10 முழுப்பக்கப் படங்களும் 98 மரச்செதுக்குப் படங்களும் ஆகும்.

சுவரணி பற்றிய நம் ஆய்வுக்கு லீச்சின் வாழ்வில் இரண்டு நிகழ்ச்சிகள் மிகவும் இன்றியமையாதவை.

முதலாவது 1843-இல் நிகழ்ந்தது. 1834-இல் இலண்டன் நாடாளுமன்றக் கட்டடம் தீக்கிரையானது. புதிய கட்டடத்தின் சுவர்களை வரலாற்று ஓவியங்களால் அணிசெய்ய அரசு ஒரு போட்டி நடத்தியது. சுவரோவியத்திற்கு முன்வரைவாகப் பெருந்தாளில் வரையும் படத்திற்குக் 'கார்ட்டூன்' என்பது பெயர். அவ்வரைவுகள் வெசுட்மின்சுடர் மண்டபத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. பரிசு பெற்றவற்றுள் ஒன்று, சீசர் பிரித்தானியாவின்மீது முதன்முறை படையெடுத்ததைக் காட்டிற்று. மற்றொன்று, பிரித்தானியத் தலைவன் காரக்டகசு சிறைப்பட்டு உரோம நகர வீதிகளில் கொண்டு செல்லப்பட்டதைக் காட்டிற்று. இவ்வாறு உரோம வரலாறு, சுவரை அணிசெய்யும் பெருமிதப் பொருளாக அங்கு நின்றது.

அதே காலத்தில் இலண்டன் ஏழையர் உணவின்றி வாடினர். லீச்சு, கந்தல் உடுத்த மக்கள் அழகிய ஓவியங்களின் முன் வாடிய முகத்துடன் நிற்பதாக ஒரு படம் வரைந்தார். 'பொருளும் நிழலும்' என்னும் தலைப்புடைய அப்படத்தைப் 'பஞ்ச்' இதழ், 'கார்ட்டூன், எண் 1' என்று பெயரிட்டு வெளியிட்டது. உண்ண உணவு கேட்டோர்க்குக் காணப் படம் கொடுத்த அரசை அது குத்திக்காட்டியது. சுவரோவிய வரைவைக் குறித்த 'கார்ட்டூன்' என்னும் சொல், கேலிச்சித்திரம் என்னும் பொருளைப் பெற்றது இதன் பின்னரே. இன்று உலகெங்கும் வழங்கும் அச்சொல், சுவரணியின் பெருமிதத்தை நகையாடிய படத்தால் பொருள் மாறியது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இரண்டாவது நிகழ்ச்சி 1862-இல் நடந்தது. இதழில் கையளவாக வெளிவந்த தம் படங்களை லீச்சு பெரிதாக்கி, எண்ணெய் வண்ணம் தீட்டி, இலண்டன் பிக்காடில்லியில் உள்ள எகிப்திய மண்டபத்தில் காட்சிக்கு வைத்தார். படத்தை இரப்பர்த் தகட்டில் அச்சிட்டு, அத்தகட்டை இழுத்து விரித்து, விரிந்த உருவத்தைத் துணியில் பதித்து வண்ணமிடும் முறையை அவர் கையாண்டார். மக்கள் திரண்டு வந்து கண்டு மகிழ்ந்தனர். சுவரோவியத்தை எள்ளியவரே தம் எள்ளலைச் சுவரில் ஏற்றினார். ஆதலின், நகைச்சுவைப் படத்தைச் சட்டமிட்டு மாட்டுவது ஓவியர் கருத்துக்கு முரண் என்று சொல்வதற்கில்லை.

நகையின் நிலைக்களன்களும் லீச்சின் படங்களும்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்து, அது பிறக்கும் இடங்களாக எள்ளலையும் இளமையையும் பேதைமையையும் மடனையும் காட்டுகிறார். பிறரை இகழ்ந்து நகுதல் எள்ளல். குழந்தைத்தன்மை கண்டு நகுதல் இளமை. அறிவின்மை கண்டு நகுதல் பேதைமை. பிறர் சொல்லியதை ஆராயாது அவ்வாறே கொள்ளும் இயல்பு கண்டு நகுதல் மடன். தமிழிலக்கண நூல் காட்டும் இப்பாகுபாடு, வேற்று நாட்டு ஓவியத்தின் நகையையும் விளக்கப் போதுமானதாக இருப்பதை அந்நூலின் சில பொருள்களைக் கொண்டு காண்போம்.

இளமை: கார்த்தேச்சுப் படைத்தலைவன் ஹமில்கர், ஏறத்தாழ ஒன்பது வயதினனான தன் மகன் ஹானிபலைக் கொண்டு உரோமருக்கு என்றும் நண்பனாகேன் எனச் சூளுரைக்கச் செய்தான் என்பது வரலாற்று ஆசிரியர் கூறும் செய்தி. பிற்காலத்தில் ஆல்ப்சு மலையைக் கடந்து உரோமை நடுங்கச் செய்தவன் அவன். அச்சூளுரையை லீச்சு வண்ணப்படமாக்கியுள்ளார். பகையின் பொருள் அறியாத பருவத்தில் பகையை ஏற்கும் சிறுவனைக் காணும்போது முதலில் சிரிப்பு வருகிறது. பின்னர், பெரியோர் தம் பகையைக் குழந்தைகள் தலையில் ஏற்றுவது சிரிப்பதற்குரியதா என்னும் எண்ணம் தோன்றுகிறது.

பேதைமை: உரோம அரசன் தார்க்குவினிடம் முதியவள் ஒருத்தி ஒன்பது நூல்களைக் கொண்டுவந்து விலை கூறினாள். அவன் மறுக்கவே, மூன்றை எரித்துவிட்டு எஞ்சிய ஆறுக்கும் அதே விலை கேட்டாள். மீண்டும் மறுக்க, மேலும் மூன்றை எரித்தாள். இறுதியில் ஒன்பது நூல்களின் விலையைக் கொடுத்து மூன்றை வாங்கினான் அரசன். இது சிபில் நூல்களைப் பற்றிய பழங்கதை. அறிவை விலை பேசித் தாழ்த்தியவன் அடைந்த இழப்பு இது. நூலகச் சுவருக்கு இதனினும் பொருத்தமான கதை வேறொன்று உண்டோ என்று கேட்கத் தோன்றுகிறது.

மடன்: நூலின் முகப்புப் படம் ரோமுலசு, ரீமசு என்னும் இரட்டைக் குழந்தைகளை இடையன் கண்டெடுத்த காட்சியாகும். ஓநாய் பாலூட்டி வளர்த்த குழந்தைகளே கி.மு. 753-இல் நகரத்தை நிறுவினர் என்னும் மரபுக்கதையைத் தலைமுறை தலைமுறையாக மாணவர் ஐயமின்றிக் கற்றனர். கதையில் உள்ளவரை நகைப்பது போலத் தோன்றினும், கதையை அப்படியே நம்பிய வாசகரையே படம் நகைக்கிறது. ஆராயாது கொள்ளும் மடனே இங்கு நகைப்பொருள்.

எள்ளல்: எப்பிரசு நாட்டு மன்னன் பிர்ரசு, தாரெண்டம் நகரத்தாரின் அழைப்பை ஏற்று, கி.மு. 280-இல் யானைகளுடன் இத்தாலியில் வந்திறங்கினான். அவனுடைய வெற்றிகள் அவனுக்கே பேரிழப்பாய் முடிந்தன. பெருவிலை கொடுத்துப் பெறும் வெற்றிக்கு அவன் பெயர் இன்றும் எடுத்துக்காட்டாக வழங்குகின்றது. இப்படத்தின் தலைப்பில் ஒரு சொல்லாட்சி உள்ளது. ஆங்கிலத்தில் படையைக் குறிக்கும் சொல்லும் நாடகக் குழுவைக் குறிக்கும் சொல்லும் ஒலியால் ஒத்தவை. பிர்ரசு தன் 'குழு'வுடன் வந்திறங்கினான் என்னும் தலைப்பு, படையெடுப்பை ஊர் சுற்றும் கூத்துக் கும்பலின் வருகையாக மாற்றிவிடுகிறது. நம் மொழியில் இரட்டுற மொழிதல் செய்யும் வேலையை அங்கு எழுத்து வேறுபாடு செய்கிறது. தலைப்பை நீக்கிவிட்டுப் படத்தை மட்டும் மாட்டினால் இந்நகையின் பாதி மறைந்துபோகும்.

இந்நான்கிற்கும் பொதுவாக லீச்சு கையாளும் உத்தி ஒன்று உண்டு. அது காலமயக்கம். உரோம ஆடை அணிந்தவர் தலையில் இலண்டன் கனவான்களின் உயரத் தொப்பி இருக்கும்; கையில் குடை இருக்கும்; முகபாவமோ அந்நாளைய இலண்டன் வீதியில் காணும் முகபாவமாக இருக்கும். இம்மயக்கம் ஓவியரின் அறியாமை அன்று, அறிந்தே செய்தது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட செனட்டர்களும் தம் காலத்து ஆட்சியாளரும் ஒரே இயல்பினர் என்பதை அவர் சொல்லாமற் சொல்கிறார். பண்டைய உரோமை நகைப்பதாகத் தோன்றும் படம், உண்மையில் 1850-களின் இலண்டனையே நகைக்கிறது.

உரோமர் சுவரில் உரோம நகை

உரோமரின் பெருமையை அயலார் நகைப்பது முறையா என ஒருவர் வினவலாம். அதற்கு உரோமர் இல்லச் சுவர்களே விடை தருகின்றன.

திராயிலிருந்து தப்பிவந்த ஈனியாசு என்னும் வீரனே தம் இனத்தின் மூதாதை என்பது உரோமரின் நம்பிக்கை. சீசரும் அகசுடசும் சார்ந்த யூலியசு குடியினர் அவனுடைய வழித்தோன்றல்கள் எனத் தம்மைக் கூறிக்கொண்டனர். முதிய தந்தையைத் தோளில் சுமந்து, சிறுவனான மகனைக் கையிற் பிடித்து, எரியும் நகரைவிட்டு ஈனியாசு வெளியேறும் கோலத்தை அகசுடசு தாம் அமைத்த மன்றத்தில் சிலையாக நிறுவினார். பொம்பெயி நகரின் கடைச் சுவர் ஒன்றிலும் அக்கோலம் வீரத் தோற்றத்துடன் தீட்டப்பட்டது.

பொம்பெயிக்கு அண்மையில் உள்ளது சுடாபியே. கி.பி. 79-இல் வெசூவியசு எரிமலை வெடித்தபோது இவ்விரு ஊர்களும் புதையுண்டன. சுடாபியேப் பகுதி மாளிகை ஒன்றிலிருந்து கிடைத்த சுவரோவியத் துண்டில் அதே மூவர் கோலம் காணப்படுகிறது. ஆனால் அங்கே தந்தை, மகன், பேரன் மூவரும் நாய்முகக் குரங்குகளாக வரையப்பட்டுள்ளனர். இன்று நேப்பிள்சு அருங்காட்சியகத்தில் உள்ள அத்துண்டு, அரசகுலம் போற்றிய மூதாதைக் கதையை உரோமரே தம் வீட்டுச் சுவரில் நகையாடினர் என்பதற்குச் சான்றாகத் திகழ்கிறது.

எனவே, உரோம வரலாற்றின் நகைப்படத்தால் சுவரை அணிசெய்தல் ஆங்கிலேயர் கண்டுபிடித்த புதுமை அன்று. லீச்சுக்கு ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன்பே உரோமர் தொடங்கிவைத்த வழக்கம் அது. தன் வரலாற்றைத் தானே நகைக்கத் தெரிந்த சமுதாயம் அவ்வரலாற்றை இழந்துவிடவில்லை என்பதையும் இச்சான்று காட்டுகிறது.

ஏடு சுவரேறிய வரலாறு

அச்சுப்படங்களைச் சுவரில் அமைக்கும் வழக்கம் இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் 18-ஆம் நூற்றாண்டிலேயே வேரூன்றியிருந்தது. ஓவியர் ஹோகார்த்தின் சமுதாய நகைப்படங்கள் பெருமளவில் விற்பனையாயின. அவற்றைப் பிறர் திருட்டுத்தனமாகப் படியெடுத்து விற்றதனால், அவருடைய முயற்சியின் பயனாக 1735-இல் செதுக்கோவியருக்கான பதிப்புரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. செல்வர்கள் தம் மாளிகையில் ஓர் அறையை ஒதுக்கி, அச்சுப்படங்களைச் சுவரிலேயே ஒட்டி, சுற்றிலும் தாளினாலான சட்டமும் பூவேலையும் அமைத்தனர். இத்தகைய அறைக்கு 'அச்சுப்பட அறை' எனப் பெயர். அயர்லாந்தின் காசில்டவுன் மாளிகையில் 1760-களில் அமைந்த அறை இன்றும் காணத்தக்கதாக உள்ளது.

லீச்சின் படங்கள் சுவருக்கு வந்ததற்கு அச்சுமுறையும் ஒரு காரணம். மரச்செதுக்குப் படத்தில், கட்டையின் மேற்பரப்பில் கோடுகள் புடைத்து நிற்கும். எழுத்துகளும் அவ்வாறே புடைத்து நிற்பவை. ஆதலின் இரண்டையும் சேர்த்து ஒரே தாளில் அச்சிடலாம். இதனால் 98 சிறுபடங்களும் எழுத்துக்கு நடுவே அமைந்தன. தாளின் பின்புறத்திலும் எழுத்து உண்டு. வண்ணப்படங்களின் நிலை வேறு. மெழுகு பூசிய எஃகுத் தகட்டில் ஊசியால் வரைந்து, அமிலத்தால் கோடுகளை அரிக்கச் செய்து, பள்ளத்தில் மையை நிரப்பி அழுத்தி அச்சிடுவது அம்முறை. இவை தனித்தாளில் அச்சாகிக் கையால் வண்ணம் பெற்றன. கைவண்ணம் ஆதலின் ஒரு படியின் நிறம் மற்றொரு படியின் நிறத்தை முழுதும் ஒத்திராது.

தனித்தாளாக இருந்தமையால் இப்பத்துப் படங்களையும் நூலிலிருந்து பிரித்தெடுப்பது எளிதாயிற்று. இங்குதான் வருந்தத்தக்க செய்தி ஒன்று உள்ளது. பழநூல் வணிகத்தில், நூலை நூலாக விற்பதினும் படங்களைத் தனித்தனியே விற்பது ஊதியம் தரும் என்று கருதி, நல்ல படிகளைக்கூடப் பிரித்துவிடும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. பத்து வீடுகளின் சுவர் அழகு பெறுகிறது. ஒரு நூல் உயிரிழக்கிறது. எஞ்சிய எழுத்துப் பக்கங்களை நாடுவார் இல்லை. ஒன்பது நூல்களின் விலைக்கு மூன்றை வாங்கிய தார்க்குவினின் கதையை அச்சிட்ட நூலுக்கே இக்கதி நேர்வது காலத்தின் கேலி போலும்!

இன்று அத்தகைய சிதைவுக்குத் தேவை இல்லை. ஆசிரியரும் ஓவியரும் மறைந்து 150 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன; படங்கள் பதிப்புரிமைக் கட்டுப்பாடு நீங்கியவை. நூல் முழுவதும் மின்னூலாகவும் கிடைக்கிறது. தெளிவான படியிலிருந்து நல்ல தாளில் அச்சிட்டுச் சட்டமிடலாம். முழுநூலைக் கையில் வைத்திருப்போர் அதனைப் பிரிக்காமல் காப்பதே அறிவுடைமை.

எவற்றை மாட்டலாம், எவற்றை விலக்கலாம்?

சிரிப்பெல்லாம் ஒரு தன்மையன அல்ல. 'பஞ்ச்' இதழிலேயே அ பெக்கெட்டுடன் பணியாற்றிய நாடக ஆசிரியர் டக்ளசு ஜெரால்டு, நகைச்சுவை வரலாறுகளை விரும்பவில்லை. வாழ்க்கையில் ஆழ்ந்து எண்ணத்தக்கவையும் உண்டு, மனிதகுல வரலாறு முழுவதும் கேலிக் கதையாகிவிட முடியாது என்னும் கருத்தை டிக்கன்சுக்கு எழுதிய மடலில் அவர் வெளியிட்டார். நகைச்சுவையாளர் ஒருவரே எழுப்பிய இத்தடையை நாம் புறந்தள்ள இயலாது.

உரோமின் நகைச்சுவை வரலாற்றிலும் இத்தடைக்கு இடம் உண்டு. அண்டை நாட்டுச் சபைனர் குலப் பெண்களை உரோமர் விழாவுக்கு அழைத்து வன்முறையால் கவர்ந்து சென்ற கதையும் அந்நூலில் வேடிக்கையாகவே சொல்லப்படுகிறது. அக்கால வாசகர் சிரித்திருக்கலாம், நம்மால் இயலாது. அரசர், படைத்தலைவர், செனட்டர் ஆகியோரை நகைக்கும்போது சிரிப்பு கீழிருந்து மேல்நோக்கிச் செல்கிறது; வலியோரின் செருக்கைக் குறைக்கிறது. துன்புற்றோரை நகைக்கும்போது அது மேலிருந்து கீழ்நோக்கி விழுகிறது. நொந்தவரை மேலும் நோகச் செய்கிறது. 1843-இல் பசித்தவர் பக்கம் நின்று அரசை எள்ளிய லீச்சே இவ்வேறுபாட்டை நமக்குக் கற்பித்துள்ளார். அவர் கற்பித்த அளவுகோலால் அவர் பங்குபெற்ற நூலையும் அளப்பதில் தவறில்லை. எனவே, வலியோரை எள்ளும் படத்தைச் சுவருக்கும், மெலியோரை எள்ளும் படத்தை ஆய்வாளரின் மேசைக்கும் உரியதாக்கலாம்.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட படமும் உண்டு. 'கிராக்கசு உடன்பிறந்தாரின் தாய்' என்பது ஒரு வண்ணப்படத்தின் தலைப்பு. சிப்பியோ ஆப்பிரிக்கனசின் மகளான கொர்னேலியாவிடம் ஒரு செல்வச் சீமாட்டி தன் அணிகலன்களைக் காட்டிப் பெருமை பேசினாள். கொர்னேலியா தன் மக்களைக் காட்டி, இவர்களே என் அணிகள் என்றாள். பிள்ளைகளைப் பற்றிப் பெருமை பேசாத தாய் எந்நாட்டிலும் இல்லையாதலின் இக்கதை எவரையும் புன்னகைக்கச் செய்யும். ஆனால், அச்சிறுவர் வளர்ந்து, நிலமற்ற எளியோர்க்கு நிலம் வழங்கப் போராடினர். மூத்தவன் திபேரியசு கி.மு. 133-இலும், இளையவன் கையசு கி.மு. 121-இலும் கலகங்களில் உயிரிழந்தனர். இதனை அறிந்தவர் அப்படத்தின் முன் நின்றால், சிரித்த முகம் சற்றே வாடும். அறிவு சிரிப்பை அழிப்பதில்லை, ஆழப்படுத்துகிறது. அவ்வாழத்தைத் தரவல்ல படமே நாள்தோறும் கண்ணிற்படும் சுவரில் இருக்கத் தக்கது.

மாட்டும் முறை

பழைய அச்சுப்படம் ஒன்று கைக்கு வந்தால் அதனைக் காக்கும் வழிகளையும் அறிதல் வேண்டும். தாளுக்குப் பகை மூன்று: ஒளி, ஈரம், அமிலம். வெயில் நேரே விழும் சுவரும் மழையில் ஊறும் வெளிச்சுவரும் ஆகா. அருங்காட்சியகங்களில் தாளோவியங்களுக்கு ஒளி ஏறத்தாழ 50 லக்சு அளவே அனுமதிக்கப்படுகிறது என்பதிலிருந்து, கைவண்ணம் எத்துணை மென்மையானது என உணரலாம். தாளைக் கண்ணாடியோடு ஒட்டியிருக்க விடாமல், இடையில் அமிலமற்ற அட்டையை விளிம்பாக வெட்டி வைக்க வேண்டும். கண்ணாடியில் படியும் ஈரம் தாளைத் தாக்காதிருக்க இது துணைபுரியும். பசை நாடா ஒட்டுதல், விளிம்பைக் கத்தரித்தல், பின்புறத்தைப் பலகையில் பசையிட்டுப் பதித்தல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். அச்சிட்ட புதுப்படி எனில் அச்சம் குறைவு. எனினும் அது புதுப்படி என்பதை மறைத்தல் கூடாது.

இடமும் கருதத்தக்கது. படிப்பறை, நூலகம், வகுப்பறை வழிநடை ஆகியவை இப்படங்களுக்கு ஏற்ற இடங்கள். ஒன்றிரண்டு படங்களைத் தாறுமாறாக மாட்டுவதைவிட, கால வரிசைப்படி அமைத்தால் சுவரே பாடநூலாகும். ரோமுலசில் தொடங்கி, தார்க்குவின், பிர்ரசு, ஹானிபல், கொர்னேலியா எனச் சென்று, கி.மு. 88-இல் சுல்லாவுக்கு அஞ்சி ஓடி மின்தூர்னே சதுப்பு நிலச் சேற்றில் ஒளிந்திருந்து பிடிபட்ட மாரியசில் முடிக்கலாம். அவர் அதற்குமுன் ஆறுமுறை உரோமின் கான்சல் பதவியை வகித்தவர். ஓநாயின் மடியில் தொடங்கிய பெருமை, சேற்றில் ஒளிந்த முதியவரிடம் வந்து நிற்பதைச் சுவர் ஒரே பார்வையில் காட்டிவிடும்.

அனைத்திலும் முதன்மையானது குறிப்புரை. படத்தின் தலைப்பு, நூலின் பெயர், ஓவியர் பெயர், வெளிவந்த ஆண்டு, கதையின் சுருக்கம் ஆகியவற்றை நான்கைந்து வரிகளில் எழுதிப் படத்தின் கீழோ பக்கத்திலோ வைத்தல் வேண்டும். உரையின்றிப் பாட்டு விளங்காதது போல, குறிப்பின்றி இப்படங்கள் விளங்கா. லீச்சின் காலத்தார்க்கு உரோமும் தெரியும், இலண்டனும் தெரியும். ஆகவே அவர்க்கு உரை வேண்டியதில்லை. நமக்கு இரண்டும் தொலைவு. அத்தொலைவைக் கடக்கச் செய்யும் பாலம் அக்குறிப்புரையே.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், உரோம வரலாற்றை நகையாடும் படங்கள் வெறும் வேடிக்கைப் பொருள்கள் அல்ல என்பதும், உரோமர் காலத்திலிருந்தே சுவரணிக்கும் நகைக்கும் உறவு உண்டு என்பதும், லீச்சின் படங்கள் பண்டைக் காலத்தையும் தம் காலத்தையும் ஒருங்கே நகைத்தன என்பதும், நகையின் திசை அறிந்து படத்தைத் தேர்தல் வேண்டும் என்பதும் தெளிவாகின்றன.

முன்னுரையில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். ஊமையான படத்தால் படத்திற்கு இழப்பு இல்லை, அது காத்திருக்கும். இழப்பு பார்ப்பவருக்கே. நாள்தோறும் அதனைக் கடந்து செல்லும் வீட்டுப் பிள்ளை ஒருநாள் நின்று, "இவர் யார்? இவரைப் பார்த்து ஏன் சிரிக்கிறார்கள்?" என்று கேட்கும். அன்று விடை சொல்லத் தெரிந்தவர் வீட்டில் அப்படம் ஓர் ஆசிரியர். விடை தெரியாதவர் வீட்டில் அது சுவரின் கறையை மறைக்கும் தாள். மாணவர்கள் படத்தை மாட்டுமுன் அதன் கதையைக் கற்பார்களாக. பெரியோர்கள் பிள்ளையின் வினாவுக்குக் காத்திருப்பார்களாக. சட்டத்திற்குள் அடைபட்ட சிரிப்பும் அப்போது வாய் திறந்து பேசும்.